சீசன் பாஸை வாஷி வரை எடுத்தேன்

“மனசை வேற பக்கம் திருப்பும்மா” என்று சொன்னவர்களும், “அடக்கி வைக்காதே, வாய்விட்டு அழுதுடு” என்று சொன்னவர்களும் ஒரே வாசலில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே வந்தவர்கள்தான். சிலர் ஒரு டம்ளர் காபி ஆறுவதற்குள் இரண்டையும் சொல்லிவிட்டுப் போனார்கள். துக்கம் கேட்க வருகிறவர்களைக் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது? அவர்களும் ஏதாவது பேசியாக வேண்டும். எனக்கு முதலாவது சௌகரியமாக இருந்தது. அதையே கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

2023 ஜூலையில், நல்ல மழைக்காலத்தில், என் கணவர் மாரடைப்பில் போனார். வயது 49. நவி மும்பை துர்பேயில் ஒரு சிறிய இன்ஜினியரிங் கம்பெனியில் குவாலிட்டி இன்ஸ்பெக்டராக இருந்தார். வீடு மும்பை செம்பூரில். எனக்கு ஃபோர்ட் பக்கம் ஒரு கப்பல் ஏஜென்சியில் பில்லிங் வேலை. வீட்டில் கல்லூரி போகும் மகள், பத்தாம் வகுப்பு மகன், அப்புறம் அத்தை. அவரைப் பெற்றவர். மாமா போன பிறகு அம்பாசமுத்திரத்து வீட்டைப் பூட்டிவிட்டு எங்களோடு வந்துவிட்டார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு ஆபீஸ் போய்விட்டேன். இன்னும் கொஞ்ச நாள் லீவு எடுங்கள் என்றார் மேனேஜர். வேண்டாம் என்றதோடு, வேறு ஒருத்தர் பார்த்துக்கொண்டிருந்த டிடென்ஷன் பில்களையும், அதாவது கண்டெய்னரைத் தாமதமாகத் திருப்பினால் போடும் வாடகை பில்களையும், கேட்டு வாங்கிக்கொண்டேன். கண்டெய்னர் நவ சேவா துறைமுகத்தில் இறங்கிய தேதி, பார்ட்டி எடுத்த தேதி, காலிப் பெட்டி திரும்பி வந்த தேதி, வாடகையில்லாத ஃப்ரீ டேஸ் கழித்து மிச்ச நாளுக்கு என்ன ரேட், டாலரை ரூபாயாக்கு, ஜிஎஸ்டி போடு. இந்தக் கணக்கில் ஒரு நாள் தவறினாலும் பார்ட்டி போன் செய்து கத்துவார்கள். அந்தக் கத்தல்கூட நன்றாகத்தான் இருந்தது.

பிரச்சினை சாயங்காலம். சிஎஸ்எம்டி ஸ்டேஷனில் ஏறினால் நாற்பது நிமிஷத்துக்குள் ஹார்பர் லைன் வண்டி செம்பூரில் கொண்டுவந்து விட்டுவிடும். குர்லா தாண்டியதும் வயிற்றைப் பிசைய ஆரம்பிக்கும். திலக் நகரில் எங்கள் ஏரியாப் பெண்கள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கதவுப் பக்கம் நகர்வார்கள். ஒரு நாள் நான் எழுந்திருக்கவில்லை. செம்பூர் வந்தது, போனது. கோவண்டி, மான்கூர்ட். வண்டி வாஷி பாலத்தில் ஏறினதும் காற்று முகத்தில் அடித்தது. வாஷியில் இறங்கி எதிர் பிளாட்பாரம் போய் அடுத்த வண்டியில் திரும்பினேன். வீடு வந்து சேர்ந்தபோது பையன் சாப்பிட்டு முடித்திருந்தான், அத்தை சீரியல் பார்த்துக்கொண்டிருந்தார். யாரோடும் உட்கார்ந்து பேசவேண்டிய வேளை தாண்டிப் போயிருந்தது. அடுத்தடுத்த நாளும் அப்படியே. டிக்கெட் செக்கர் பிடித்தால் அபராதம் கட்ட வேண்டுமே என்று, அடுத்த முறை சீசன் பாஸையே வாஷி வரை எடுத்துவிட்டேன். முறையாகப் பணம் கட்டி வீட்டை விட்டு ஓடியவள் இந்த மும்பையில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

காலை வண்டியில் எங்கள் கும்பல் உண்டு. மூன்று பேர் சீட்டில் நாலாவதாக ஒட்டிக்கொள்வது, பட்டாணி உரிப்பது, மாமியார் கதை, பிறந்தநாளுக்கு கச்சோரி. நவராத்திரி வந்தால் இன்றைக்கு இந்த நிறம் என்று பேப்பரில் போட்டுவிடுவார்கள். லேடீஸ் பெட்டி முழுக்க அதே நிறத்தில் புடவை. அந்த வருஷம் நான் நிறம் பார்க்காமல் போனேன். கும்பலில் மூத்த மராட்டிக்கார அக்கா ஒரு வார்த்தை பேசாமல் தன் பையிலிருந்து பச்சைத் துப்பட்டா ஒன்றை எடுத்து என் தோளில் போட்டுவிட்டு, மறுபடி பட்டாணி உரிக்க உட்கார்ந்துவிட்டார். ஆறுதல் சொல்ல வந்த எத்தனையோ பேரில் எனக்கு இவரைத்தான் முதலில் ஞாபகம் வருகிறது.

ஞாயிற்றுக்கிழமை சேடா நகர் முருகன் கோயில். அன்னதானத்துக்குக் காய் நறுக்கப் போனேன். பூசணி, சௌசௌ, வாழைக்காய் என்று மலையாகக் குவித்துக் கிடக்கும். கந்த சஷ்டி ஆறு நாளும் அங்கேயேதான். “எவ்வளவு தைரியமான பொண்ணு”, “சேவைதான் அவளைக் காப்பாத்துது” என்று என் காதுபடவே பேசினார்கள். அண்ணன் அம்பையிலிருந்து போன் செய்யும்போதெல்லாம் “நீ சமாளிச்சுட்டட்டி, எனக்கு அதான் நிம்மதி” என்பார்.

நான் குடித்துவிட்டு வந்திருந்தால் அண்ணன் அடுத்த ரயிலில் ஏறி வந்திருப்பார். நாள் முழுக்கப் படுத்தே கிடந்திருந்தால் மகள் டாக்டரிடம் இழுத்துப் போயிருப்பாள். ஆபீஸில் ஓவர்டைம், கோயிலில் கைங்கரியம் என்று இருப்பவளை யார் போய் என்ன கேட்பார்கள்? ஊர் கைதட்டும்போது ஓடுகிறவளுக்கே தான் ஓடுவது தெரியாது. தப்பித்தலில் இந்த ரகம் வேகமாகப் பிடிபடாது என்பதற்காகத்தான் இதை எழுதவே உட்கார்ந்தேன். மற்ற ரகங்களைப் பற்றி எழுத நிறைய பேர் இருக்கிறார்கள்.

அதே சமயம், “எதையும் நேருக்கு நேர் சந்திக்கணும்” என்று முழங்குகிறவர்கள் கட்சியிலும் நான் இல்லை. என் மகள் பி.ஏ. உளவியல் படித்துக்கொண்டிருந்தாள். பரீட்சைக்குப் படிக்கிற சாக்கில் ஒரு நாள் எனக்கு ஒரு படம் போட்டுக் காட்டினாள். மார்கரெட் ஸ்ட்ரோப், ஹெங்க் ஷூட் என்று நெதர்லாந்தில் வேலை பார்த்த இரண்டு பேர் 1999-ல் சொன்னது. இடது பக்கம் ஒரு வட்டம்: போனவரை நினைப்பது, அழுவது, போட்டோ பார்ப்பது. வலது பக்கம் ஒரு வட்டம்: புதிதாகத் தலையில் விழுந்த வேலைகளைச் செய்வது, துக்கத்தைக் கொஞ்ச நேரம் மறந்திருப்பது. நடுவில் கோணல்மாணலாக ஒரு கோடு இங்கேயும் அங்கேயும் போய்வருகிறது. அப்படிப் போய்வருவதுதான் இயல்பான துக்கமாம். ஒரே பக்கத்தில் மாட்டிக்கொண்டால்தான் சிக்கல். “அழாம இருக்கற நேரமும் கணக்குல சேரும்மா” என்றாள். இதைச் சொல்ல அவளுக்கு எவ்வளவு நாள் ஒத்திகை தேவைப்பட்டதோ!

இன்னொன்றும் சொன்னாள். குரங்கை நினைத்துக்கொண்டு மருந்து குடிக்காதே என்று நம் பக்கம் ஒரு கதை உண்டல்லவா, அதை டேனியல் வெக்னர் என்ற அமெரிக்கர் 1987-ல் பரிசோதனையாகவே செய்திருக்கிறார். அவர் எடுத்துக்கொண்டது வெள்ளைக் கரடி. கரடியை நினைக்காதீர்கள் என்று மாணவர்களை உட்காரவைத்து, நினைப்பு வந்தால் மணியடிக்கச் சொன்னார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அப்புறம் இனி நினைக்கலாம் என்று விட்டபோது, முதலிலிருந்தே நினைக்க அனுமதி இருந்தவர்களைவிட இவர்களுக்குக் கரடி அதிகமாக வந்தது.

எனக்கு இது அனுபவத்தில் சரியாக இருந்தது. கோயிலில் நான் எதையும் நினைக்கக் கூடாது என்று முயலவே இல்லை. கத்தி கையில் இருந்தால் கவனம் தானாகக் காயில் இருக்கும். அந்த இரவுகளில் தூங்கினேன். வாஷிக்குப் போன நாட்களில் ஜன்னலோரம் உட்கார்ந்து, நினைக்கக் கூடாது, நினைக்கக் கூடாது என்றுதான் முழு வழியும். துர்பே போக அவரும் தினமும் காலையில் இதே வாஷி வரை வந்து வண்டி மாறுவார் என்பது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் உறைத்தது. இரவில் படுக்கையில் ரீல்ஸ் பார்ப்பது மூன்றாவது ரகம். அதில் ஒன்றும் மறக்கவும் இல்லை, ஓய்வும் இல்லை. கண் எரிச்சல்தான் மிச்சம். எல்லாவற்றுக்கும் ‘மனசைத் திசை திருப்புதல்’ என்று ஒரே பெயர் வைத்துவிடுகிறோம். எது நமக்கு உதவியது என்று மறுநாள் காலை உடம்பு சொல்லிவிடும்.

இதற்கிடையில் பீரோ மேல் ஒரு மஞ்சள் பை. ஜவுளிக்கடைப் பைதான். ஆஸ்பத்திரிக் காகிதம், முனிசிபாலிட்டியில் வாங்கிய இறப்புச் சான்றிதழ், அவருடைய பேங்க் பாஸ்புக், ஹவுசிங் சொசைட்டி கொடுத்த கடிதம், அவருடைய கம்பெனியிலிருந்து வந்த பி.எஃப். படிவங்கள் எல்லாம் அதற்குள். மகளின் படத்தில் இந்த மாதிரி வேலைகளும் கோயில் வேலையும் ஒரே வட்டத்தில் இருந்தன. எனக்கு அப்படி இல்லை. அந்தப் பையில் இருந்த எந்தப் படிவத்தை எடுத்தாலும் இறந்த தேதியை எழுதச் சொல்லி ஒரு கட்டம் இருந்தது. பீரோவுக்குப் பக்கத்தில் போய்ப் புடவை எடுக்கும்போதுகூட மேலே பார்க்க மாட்டேன். பையனின் கோச்சிங் ஃபீஸுக்கு வளையலை அடகு வைத்தேன், பையைத் திறக்கவில்லை.

ஒரு ராத்திரி வாஷி போய்விட்டு வந்து கதவைத் திறந்தால், டிவி ஓடவில்லை. அத்தை சாப்பாட்டு மேஜையில் ஒரு டம்ளரை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“கம்பெனில இருந்து அந்தப் பையன் இன்னைக்கும் வந்தான்.”

“நான் நாளைக்கு போன் பண்ணிக்கிறேன் அத்தை.”

“ஒவ்வொரு தடவையும் டீ போட்டுக் குடுத்து அனுப்புதேன். இனி என்னத்தைச் சொல்லி அனுப்ப?” கொஞ்ச நேரம் டம்ளரைச் சுற்றிக்கொண்டிருந்தார். “நீ நாலு இடம் போயிட்டு வாற. நல்லதுதான், போகணும். நான் எங்க போவேன் சொல்லு. அவன் போட்டோ இருக்கிற ரூம்லதானே நான் படுக்கணும்?”

கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதில் பேசியிருப்பேன். சொல்லிவிட்டு எழுந்து எனக்குத் தோசை வார்க்கப் போய்விட்டார்.

ஒருத்தர் வெளியே சுற்ற வேண்டுமானால் இன்னொருத்தர் வீட்டைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். துக்கம் கேட்க வந்தவர், சொசைட்டி செக்ரட்டரி, கேஸ்காரர், கம்பெனிப் பையன் என்று வாசலில் வந்து நின்ற அத்தனை பேருக்கும் பதில் சொன்னது, பிள்ளையைப் பறிகொடுத்த எழுபது வயதுக்காரி. நான் வாங்கிய தைரியசாலிப் பட்டத்துக்கான செலவு அவர் கணக்கில் ஏறிக்கொண்டிருந்தது. திசை திருப்பல் நல்லதா கெட்டதா என்று கேட்பவர்களிடம் நான் இப்போது முதலில் கேட்பது இதைத்தான்: நீ அந்தப் பக்கம் போயிருக்கும்போது இந்தப் பக்கம் யார் நிற்கிறார்கள்?

அன்றைக்குத்தான் என் ஆபீஸ் கணக்கு வீட்டுக்குப் பொருந்தியது. கண்டெய்னருக்கு ஃப்ரீ டேஸ் உண்டு. அதற்குள் பெட்டியைத் திருப்பினால் வாடகை இல்லை. தாண்டினால் நாள் கணக்கில் ஏறும், நாள் ஆக ஆக ரேட்டும் ஏறும். என் வீட்டில் கிடந்தவற்றில் சிலதுக்கு ஃப்ரீ டேஸ் முடிவே இல்லை: அவருடைய சட்டைகள், எங்கள் போட்டோ, ‘ஏன் இவருக்கு’ என்ற கேள்வி. பத்து வருஷம் கழித்துப் பார்த்தாலும் ஒன்றும் குடி முழுகாது. சிலதுக்கு மீட்டர் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது: பி.எஃப்., அடகு வட்டி, பையன், அத்தை. நான் இரண்டையும் ஒரே பையில் போட்டு பீரோ மேல் ஏற்றிவைத்திருந்தேன். எல்லாவற்றையும் ‘சந்திக்க’ வேண்டாம், மீட்டர் ஓடுவதை மட்டும் முதலில் எடுப்போம் என்று நினைத்ததுமே பாதி பாரம் இறங்கியது.

பேங்க் இரண்டாம், நாலாம் சனிக்கிழமை லீவு. எனவே முதல், மூன்றாம் சனிக்கிழமை என்று வைத்தோம். நானும் அத்தையும். அத்தையை ஏன் கூட்டிப்போனேன் என்றால், தனியாகப் போனால் வாசல் வரை போய்விட்டுத் திரும்பி வந்துவிடுவேன் என்று எனக்குத் தெரியும். உதவிக்கு ஆள் வேண்டும் என்பதில்லை. பக்கத்து நாற்காலியில் ஒருத்தர் உட்கார்ந்திருந்தால் போதும், எழுந்து ஓட முடியாது.

முதல் நாள் வேலை பாஸ்புக்கில் என்ட்ரி போடுவது மட்டும். அதற்கு மேல் எதுவும் செய்ய வேண்டாம் என்று எனக்கு நானே வாக்குக் கொடுத்திருந்தேன். மிஷினுக்குள் புத்தகத்தை நுழைத்தால் கரகரவென்று அடித்துத் தள்ளி, பக்கம் திருப்பு என்று சொல்லும். திருப்பித் திருப்பிக் கொடுத்தேன். ஓரமாக ஒரு பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தால் கடைசிப் பக்கங்கள் முழுக்க யுபிஐ. டீ 10 ரூபாய். வடா பாவ் 15. மறுபடி டீ. ஸ்டேஷன் வாசல் பழக்கடை 60. அந்த ஜூலைத் தேதியிலும் காலையில் ஒரு 10 ரூபாய் இருந்தது. அதற்கு அடுத்த வரி ஆஸ்பத்திரி அட்வான்ஸ். இரண்டு வரிக்கும் நடுவில் இடைவெளிகூட இல்லை. நான் பயந்துகொண்டிருந்தது இதற்குத்தான் என்று அப்போது புரிந்தது. பேங்க் ஏசியில், டோக்கன் நம்பர் கூப்பிடும் சத்தத்தில், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். முடிந்தது. ஒன்றும் ஆகவில்லை. யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மும்பையின் நல்ல குணங்களில் அதுவும் ஒன்று.

அத்தை அதற்குள் பாஸ்புக்கை வாங்கி முன்பக்கங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். இங்கிலீஷ் தெரியாது; ஆனால் ஊரில் மாமாவின் மளிகைக் கடைக் கணக்கை முப்பது வருஷம் எழுதியவர், எண்ணை மட்டும் விட மாட்டார். “இது என்னம்மா, வருசத்துக்கு ஒருக்க ஒரே மாதிரி போகுது? முதல்ல 330, பொறவு 436, 436?” கவுண்டரில் கேட்டோம். பிரதமர் ஜீவன் ஜோதி காப்பீடு. கணக்கிலிருந்து வருஷா வருஷம் மே கடைசியில் தானாக எடுத்துக்கொள்வார்கள். 2022-ல்தான் பிரீமியம் 330-லிருந்து 436 ஆனது. இறந்தால் நாமினிக்கு 2 லட்சம். அவர் இதைச் சேர்ந்ததையே என்னிடம் சொன்னதில்லை, அல்லது சொல்லி நான் காதில் வாங்கவில்லை. வளையல் அந்தப் பணத்தில்தான் திரும்பி வந்தது. யார் வீட்டிலாவது இப்படி ஒரு இழப்பு நேர்ந்தால் நான் சொல்வது: எதையும் திறக்க முடியாவிட்டாலும் பாஸ்புக்கில் மட்டும் என்ட்ரி போட்டு 436-ஐத் தேடுங்கள். கூடவே 20 ரூபாய் என்று ஒரு வரி இருந்தால் அது விபத்துக் காப்பீடு.

பி.எஃப். கதை நீளம், சுருக்கமாகச் சொல்கிறேன். படிவம் 20 சேமிப்புப் பணத்துக்கு, 10டி பென்ஷனுக்கு, 5ஐஎஃப் இன்ஷூரன்ஸுக்கு. இந்த மூன்றாவதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். வேலையில் இருக்கும்போது இறந்தால் சம்பளத்தைப் பொறுத்து 7 லட்சம் வரை வரும். பென்ஷன் எனக்கு மட்டுமல்ல, 25 வயது வரை பிள்ளைகள் இருவருக்கும் தனியாக உண்டு. இதெல்லாம் சுலபம். பெயர்தான் உயிரை வாங்கியது. மும்பையில் நம் இனிஷியலை விரித்து எழுதச் சொல்வார்கள், விரிக்கிறவர் இஷ்டத்துக்கு விரிப்பார். அவருடைய அப்பா பெயர் பி.எஃப்.பில் முன்னால் வந்தது, ஆதாரில் பின்னால் வந்தது, பான் கார்டில் ஒரு எழுத்து கூடுதலாக வந்தது. உயிரோடு இருக்கும்போதே மூன்றையும் ஒன்றாக்கி வைத்துவிடுங்கள். இதைப் படித்துவிட்டு இந்த ஒரு வேலையைச் செய்தால்கூடப் போதும்.

அவருடைய செல்போனை நான் டிராயரில் போட்டுப் பூட்டியிருந்தேன். சிம் செத்துப் போயிருக்கும் என்று நினைத்தேன். உபயோகமே இல்லாமல் 90 நாள் கிடந்தால் நம்பரைத் திருப்பி எடுத்துக்கொள்வார்கள். மகள் எனக்குத் தெரியாமல் ரீசார்ஜ் செய்துகொண்டே வந்திருக்கிறாள். எஸ்.எம்.எஸ்.களைப் புரட்டித்தான் எந்தெந்த மியூச்சுவல் ஃபண்டுக்கு எஸ்ஐபி தவணை போகிறது, எந்த பாலிசிக்குப் பிரீமியம் பாக்கி என்று தெரிந்துகொண்டோம். ஒன்று மட்டும்: அந்த போனையும் கார்டையும் வைத்துக்கொண்டு ஏடிஎம்மில் பணம் எடுக்கக் கூடாது. இறந்தவர் கணக்கை யாரும் இயக்கக் கூடாது. பேங்கில் சொல்லி நாமினி வழியாகத்தான் வாங்க வேண்டும்.

வாரிசுச் சான்றிதழ் என்றதும் அண்ணன், தாசில்தார் ஆபீஸில் ஒரு வாரத்தில் வாங்கிவிடலாமே என்றார். அது நம் ஊரில். மகாராஷ்டிரத்தில் அதற்குக் கோர்ட்டுக்குப் போக வேண்டும், 1827-ம் வருஷத்து பம்பாய் ரெகுலேஷன் ஒன்றின் கீழ். நாமினி போட்டிருந்த இடங்களில் அது தேவைப்படவில்லை, தப்பித்தோம். பொதுவாக நாமினி என்பவர் வாங்கி வைத்திருப்பவர்தான், சொந்தக்காரர் ஆகிவிட மாட்டார். ஷேர்கள் விஷயத்தில் 2023 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட் இதையே திரும்பவும் சொன்னது. 1956 இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் இல்லாமல் இறந்த மகன் சொத்தில் தாய்க்கும் மனைவி மக்களோடு சமபங்கு உண்டு. ஆக ஃபிளாட்டை என் பெயருக்கு மாற்ற சொசைட்டி கேட்டது அத்தையின் சம்மதத்தை. பத்திரத்தைப் படித்துக் காட்டச் சொல்லி, தமிழில் நிதானமாகக் கையெழுத்துப் போட்டார். “இதுக்குத்தான் என்னைக் கூட்டிட்டு அலைஞ்சியா?” என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். என் கணவர் போன பிறகு அத்தை சிரித்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

ஒவ்வொரு சனிக்கிழமையும் வேலை முடிந்தாலும் முடியாவிட்டாலும் மாட்டுங்கா போய் ரவா தோசை சாப்பிட்டுவிட்டுத்தான் வீடு. சாம்பாரில் வெல்லம் தூக்கல் என்று அத்தை ஒவ்வொரு முறையும் குறை சொல்வார், ஒவ்வொரு முறையும் இரண்டாவது கிண்ணம் கேட்பார். பேங்க் வேலையை நான் வெறுக்காமல் இருந்ததற்கு அந்தத் தோசைதான் காரணம்.

பையன் விஷயம் எழுதக் கொஞ்சம் தயக்கம். பத்தாம் வகுப்பு போர்டு பரீட்சைக்கு முன்னால் நடக்கும் ப்ரிலிம்ஸில் கணக்கில் ஃபெயில். கிளாஸ் முடிந்ததும் வீட்டுக்கு வராமல் டயமண்ட் கார்டன் பக்கம் பையன்களோடு உட்கார்ந்து மொபைலில் கேம். ஒரு நாள் நேரே அங்கே போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஏன் வீட்டுக்கு வர மாட்டேன்கிறாய் என்று கேட்டேன். “நீ வாஷி போயிட்டு வர்றேல்ல? நான் மட்டும் எதுக்கு சீக்கிரம் வரணும்?” பாஸ் என் போனில்தான் இருந்தது, போன் பாஸ்வேர்டு அவனுக்குத் தெரியும். அவனுக்கு எவ்வளவு நாளாகத் தெரியும் என்று நான் கேட்கவில்லை.

அப்பாவைப் பற்றி உட்காரவைத்துப் பேசு என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். பதினைந்து வயதுப் பையனை உட்காரவைத்து எதைப் பேச? எட்டரை மணிக்கு நாலு பேரும் சாப்பாட்டில் இருக்க வேண்டும், பேசினாலும் பேசாவிட்டாலும் என்று மட்டும் வைத்தோம். அதற்காக நான் செம்பூரில் இறங்கியாக வேண்டியதாயிற்று. சில வாரம் தட்டுச் சத்தம் மட்டும்தான். அப்புறம் ஒரு நாள் அவனாகவே, “அப்பா தயிர்சாதத்துக்கு மிக்சர் போட்டுப்பார்ல?” என்றான். அத்தை எழுந்து போய் மிக்சர் டப்பாவை எடுத்து வந்தார். கணக்கில் பாஸ் ஆகிவிட்டான், பெரிய மார்க் எல்லாம் இல்லை.

என் கதையில் எனக்குக் கை கொடுக்க ஆள் இருந்தார்கள். எல்லோருக்கும் அப்படி வாய்க்காது. ஒரு வருஷம் தாண்டியும், போனவரைப் பற்றிய ஏக்கமோ நினைப்போ நாள் தவறாமல் ஆளைப் பிடித்து ஆட்டி, சாப்பாடு, வேலை, பிள்ளைகள் எதுவும் ஓடவில்லை என்றால் அதை நீடித்த துக்கக் கோளாறு என்று டாக்டர்கள் தனியாகவே பார்க்கிறார்கள். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் பட்டியலில் 2022-ல் அது சேர்ந்தது. செத்துவிடலாம் என்ற நினைப்பு வந்தால் வருஷக்கணக்கு எதுவும் பார்க்கக் கூடாது, அன்றைக்கே யாரிடமாவது சொல்லியாக வேண்டும். மத்திய அரசின் டெலி மானஸ் எண் 14416, 2022 அக்டோபரிலிருந்து இயங்குகிறது, எந்த நேரமும் கூப்பிடலாம், காசு கிடையாது, தமிழும் உண்டு. என் மகள் அந்த எண்ணை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவைத்திருந்தாள். நானும் ஒரு ராத்திரி கூப்பிட்டிருக்கிறேன். பேசியவர் புத்திமதி சொல்லவில்லை என்பதே எனக்குப் பெரிதாக இருந்தது.

கோயிலில் இப்போதும் காய் நறுக்குகிறேன். மார்ச் மாதக் கணக்கு முடிக்க ஆபீஸில் இப்போதும் ராத்திரி ஆகிறது. அன்றைக்கு மட்டும் எட்டரைக்கு வர முடியாது என்று காலையிலேயே சொல்லிவிடுவேன். ரீல்ஸை விட்டுவிட்டேன் என்று சொன்னால் மகள் சிரிப்பாள். அவருடைய சட்டைகள் அப்படியே இருக்கின்றன, அவற்றுக்கு அவசரமில்லை.

மிச்சம் இருப்பது ஸ்கூட்டர். உண்மையில் இதற்குத்தான் ஃப்ரீ டேஸ் குறைவு. வண்டியின் சொந்தக்காரர் இறந்தால் 30 நாளுக்குள் ஆர்டிஓவுக்குத் தெரிவித்து, மூன்று மாதத்துக்குள் படிவம் 31 கொடுத்துப் பெயர் மாற்ற வேண்டும். பெயர் மாறாமல் ஓட்டி விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ்காரர்கள் தகராறு செய்வார்கள். ஆகவே பையன் சாவியைக் கேட்கும்போதெல்லாம் முடியாது என்று சொல்லிவந்தேன். இப்போது காகிதம் எல்லாம் தயார், அடுத்த வாரம் வடாலா ஆர்டிஓ போகிறோம். அத்தையும் வருகிறார். அவர் கையெழுத்துப் போடவேண்டியதை வீட்டிலேயே போட்டாயிற்று, வெயிலில் அலைய வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை. பேங்க், சொசைட்டி, பி.எஃப். ஆபீஸ் எல்லாம் பார்த்தாச்சாம், இதையும் பார்க்கணுமாம். வடாலாவில் இருந்து மாட்டுங்கா பக்கம்தானே என்றும் விசாரித்து வைத்திருக்கிறார்.